எட்டாம் பகுதியில் எழுத வேண்டிய பெயர்

லம்துவான் வீட்டில் வருடத்துக்கு ஒரு சண்டை தவறாமல் நடக்கும். நாள்கூட மாறாது. ஒன்பதாம் மாதத் தேய்பிறையில் எங்கள் நோங்தூம் ஊரே விடியுமுன் எழுந்து, வாழையிலையில் சோற்றுப் பொட்டலம் கட்டி, விகாரை மதிலோரம் தரையில் வைக்கும். செத்தவர்கள் அன்றைக்குப் பசியோடு வருவார்கள். பெயர் சொல்லி வைத்த சோறுதான் அவர்களுக்குப் போய்ச் சேரும் என்பது எங்கள் ஊர் வழக்கம். பெயர் சொல்லாமல் விட்டால் பட்டினிதான்.

லம்துவான் பொட்டலம் கட்டும்போது கணவர் புன்மா அடுப்பருகில் வந்து நின்று பார்ப்பார்.

"உங்கப்பாவுக்கு ஒண்ணு, எங்கம்மாவுக்கு ஒண்ணு, தொட்டில்ல போன பிள்ளைங்க ரெண்டுக்கும் ரெண்டு. நாலுதான் இருக்கு."

"நாலு பேருதானே செத்திருக்காங்க."

"அஞ்சாவதா ஒண்ணு கட்டேன். கை தேஞ்சா போயிரும்?"

"உசுரோட இருக்கிற பிள்ளைக்குப் பிண்டம் வைக்கச் சொல்றீங்க. நீங்கல்லாம் ஒரு தகப்பன்."

அதோடு புன்மா கோழிகளைத் திறந்துவிடப் போய்விடுவார். ஒரே ஒரு வருடம் மட்டும் அவரே ஒரு பொட்டலம் கட்டினார். ஆம்பளைக் கட்டு, ஒரு பக்கம் சோறு பிதுங்கிக்கொண்டிருந்தது. மதிலோரம் அதைப் பார்த்த மாத்திரத்தில் லம்துவானுக்கு யாருடையது என்று தெரிந்துவிட்டது. எடுத்துக் குளத்தில் வீசினாள். மூன்று நாள் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் பேச்சு இல்லை.

அவள் பிறந்தது இதே ஊர். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. பதினேழு வயதில் பாங்காக்குக்குப் போய் மூன்று வருடம் செங்கல் சுமந்தாள். இன்றைக்கும் அந்த ஊரில் ஏதோ ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடம் தன் தலைமேல்தான் எழும்பியது என்று சொல்வாள். எந்தக் கட்டடம் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. திரும்பி வந்து புன்மாவைக் கட்டிக்கொண்டாள். அவரிடம் நிலத்தைவிடப் பேச்சு அதிகம் இருந்தது. முதல் இரண்டு குழந்தைகளும் ஆளுக்கொரு மாதம்கூடத் தங்கவில்லை. மூன்றாவதாகத் தாவோன் பிறந்தான், தங்கினான். அன்றிலிருந்து எங்கள் வழக்கப்படி அவளுக்குச் சொந்தப் பெயர் போயிற்று. ஊருக்கு அவள் தாவோனம்மா, அவர் தாவோனப்பா.

பையன் சாதுவானவன். பத்தொன்பது வயதில்கூட எருமையைக் கையால் தட்டமாட்டான், வாயால்தான் கெஞ்சுவான். அவனுக்கு ஊரை விட்டுப் போகும் எண்ணம் துளியும் இருந்ததில்லை. ஆனால் வானம் இரண்டு வருடம் கைவிரித்தது. வயலில் நாற்று நின்றபடியே காய்ந்தது. அப்போதுதான் புன்மாவின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் பிக்அப் வண்டியோடு வந்து, கடல் மீன்பிடிப் படகில் வேலை இருக்கிறது, இரண்டு வருடத்தில் பையன் ஆளாகித் திரும்புவான் என்று ஆசை காட்டினான். தாவோன் கிளம்பினான். அதே வண்டியில் எங்கள் ஊர் கம்மூனும் ஏறினான். கையை ஆட்டிக்கொண்டு சிரித்தபடி போனான் என் பிள்ளை என்று லம்துவான் எல்லோரிடமும் சொன்னாள். அதற்குப் பிறகு கடிதமில்லை, போன் இல்லை.

நான்கு வருடம் கழித்து, இடதுகையில் இரண்டு விரல் இல்லாமல் கம்மூன் மட்டும் வந்து இறங்கினான். அவன் வருகிற செய்தி முன்னாலேயே எட்டியிருந்தது. லம்துவான் மூங்கில் கூடையில் சூடான சோறும் வறுத்த மீனும் எடுத்துக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்கு ஓடினாள். பஸ் போன பிறகும் அதன் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கடா அவன்? அடுத்த பஸ்ஸா?"

கம்மூன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். "அவன் ஒரு தீவுல எறங்கி ஓடிட்டான் பெரியம்மா. இன்னும் ரெண்டு பேரோட. காட்டுக்குள்ள போயிட்டாங்க. அந்தத் தீவுல நம்ம ஆளுங்க நெறைய பேரு இருக்காங்களாம். பொழச்சுக்குவான்."

இதை வைத்துக்கொண்டு லம்துவான் ஏழு வருடம் குடும்பம் நடத்தினாள். முதல் வருடத்திலேயே தீவில் அவனுக்கு ஒரு குடிசை எழும்பியது. மறுவருடம் ஒரு பெண் வந்தாள், நல்ல நிறம், கொஞ்சம் வாய்த்துடுக்கு. பிறகு ஒரு பெண் குழந்தை. மளிகைக்கடை நாரியிடம் நின்று, "என் மருமகளுக்கு நம்ம பாஷை தெரியாது, அதான் போன் போடக் கூச்சப்படுறா" என்று சொல்லும் அளவுக்குப் போயிற்று. நாரி உப்பைக் கட்டிக் கொடுத்துக்கொண்டே "ஆமா ஆமா" என்பாள். எங்கள் ஊர்க்காரர்கள் வாயாடிகள்தான், ஆனால் அந்த விஷயத்தில் மட்டும் ஒருவரும் அவளை மறுத்துப் பேசியதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் விகாரையின் பழைய சீலையைக் கரையான் தின்றது.

புத்தர் தம் முந்தைய பிறவியில் எல்லாவற்றையும் தானம் கொடுத்த ராஜகுமாரனாக இருந்தார். யானையைக் கொடுத்தார், நாட்டை இழந்தார், காட்டுக்குப் போன இடத்தில் ஒரு கிழவன் கேட்டான் என்று பெற்ற பிள்ளைகள் இரண்டையும் கொடுத்தார். கடைசியில் எல்லோரும் ஒன்று சேர்ந்தார்கள். இந்தக் கதையைப் பதின்மூன்று பகுதியாக வரைந்த நீளமான சீலை ஒன்று ஊருக்கு ஊர் உண்டு. நாலாம் மாத விழாவில் அதை ஊர் எல்லையிலிருந்து ஊர்வலமாகத் தூக்கி வந்தால் ராஜகுமாரனையே காட்டிலிருந்து திரும்ப அழைத்து வந்ததாக அர்த்தம். மறுநாள் முழுக்கப் பிக்குகள் கதை ஓதுவார்கள். சீலை இல்லாமல் விழா இல்லை.

பெட்டியைத் திறந்தபோது ராஜகுமாரனின் யானைக்குக் கால் மட்டும் மிச்சமிருந்தது. டவுனில் பிளாஸ்டிக் சீலையில் அச்சடித்து ரெடிமேடாக விற்கிறார்கள், வாங்கிவிடலாம் என்று இளவட்டங்கள் சொன்னார்கள். பெரிய பிக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

"கதை தானத்தைப் பத்தினது. காசைக் கொடுத்துட்டு சுருட்டி எடுத்துட்டு வந்தா அதுல நீங்க என்னத்தக் கொடுத்தீங்க? நாமளே வரைவோம். வீட்டுக்கு ஒரு பகுதி. வரையத் தெரியாதவங்க வர்ணம் கலக்குங்க. ஆனா ஒண்ணு. சீலையில கை வைக்கிறவங்க, விழா முடியிற வரைக்கும் அஞ்சு சீலத்தையும் நெசமாவே காக்கணும். தெனம் காலையில சொல்லிட்டுத்தான் தூரிகையைத் தொடணும். எனக்கும் அதே சட்டம்தான்."

எல்லோரும் உற்சாகமாகத் தலையாட்டினார்கள். கொலை, களவு, கள்ள உறவு, பொய், குடி இந்த ஐந்தையும் விடுகிறேன் என்று உபோசத விரத நாள்தோறும் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கிறவர்கள்தானே, ஒரு மாதம் காப்பது என்ன பெரிய காரியம் என்று நினைத்தார்கள். நாலாம் நாளே விழி பிதுங்கிவிட்டது. உயிரைக் கொல்லக்கூடாது என்றால் மாமரத்தில் தொங்குகிற செவ்வெறும்புக் கூட்டில் கை வைக்க முடியாது. அதுவோ எறும்பு முட்டை கிடைக்கிற காலம். புன்மா தூரிகை பிடிக்காதவர். கூட்டை இறக்கி, முட்டையைக் குழம்பு வைத்து, பெண்டாட்டி கண்ணெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார். "உனக்குச் சீலம், எனக்குக் குழம்பு" என்று வேறு சொன்னார். பொய் சொல்லக்கூடாது என்றதில் நாரியின் வியாபாரமே படுத்தது. அடக்க விலைக்குத் தருகிறேன் என்ற வார்த்தை வாய் வரைக்கும் வந்து திரும்பிப் போவதை வாடிக்கைக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

யாருக்கு எந்தப் பகுதி என்று சீட்டுக் குலுக்கினார்கள். லம்துவான் எடுத்த சீட்டில் எட்டு என்று இருந்தது. எட்டாம் பகுதிதான் பிள்ளைகளைத் தானம் கொடுக்கிற இடம். அந்தப் பிள்ளைகள் பயந்துபோய்த் தாமரைக் குளத்துக்குள் இறங்கி, இலையைத் தலைமேல் கவிழ்த்து ஒளிந்துகொள்ளும். தகப்பன் கரையில் நின்று கூப்பிடுவார். அவர் குரலுக்குக் கட்டுப்பட்டு வெளியே வரும்.

நாரி மெதுவாக அருகில் வந்தாள். "தாவோனம்மா, எனக்குப் பதிமூணு வந்திருக்கு. எல்லாரும் வீட்டுக்குத் திரும்புற எடம். மாத்திக்குவோமா?"

"எதுக்கு மாத்தணும்? என் பிள்ளைக்கு என்ன ஆச்சு?"

நாரி தன் சீட்டை மடித்து மடியில் செருகிக்கொண்டாள். பொய்யும் சொல்லக்கூடாதே.

எட்டாம் பகுதியில் அவளுக்குத் துணையாகப் பெரிய பிக்கு கம்மூனை விட்டார். லாரிகளில் பூவும் கிளியும் வரைந்து, கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதித்தான் அவன் பிழைத்து வந்தான். கையில் கிடைத்ததை எல்லாம் குடித்துத் தீர்ப்பான். ஐந்தாம் சீலத்துக்காகக் குடியை நிறுத்தியதும் முதல் வாரம் கை வெடவெடவென்று நடுங்கியது. லம்துவான் வீட்டிலிருந்து அவனுக்கும் சேர்த்துச் சோறு கொண்டுவந்தாள். பப்பாளிக்காயை இடித்து மீன் சாறு ஊற்றிக் கலந்து முன்னால் வைத்து, "நல்லா உறைப்பாத் தின்னு, சாராய ஆசை ஓடிப்போகும்" என்றாள்.

காலையில் எல்லோரும் மண்டியிட்டுச் சீலம் சொல்லும்போது அவள் ஒன்றைக் கவனித்தாள். மூன்று வரை உரக்கச் சொல்கிற கம்மூன் நாலாவதில் உதட்டை மூடிக்கொள்கிறான். ஐந்தாவதில் மறுபடி குரல் வருகிறது.

"ஏண்டா, பொய்யை மட்டும் விட மனசில்லையா? யாரை ஏமாத்தி வச்சிருக்கே? எவகிட்டயாவது கட்டிக்கிறேன்னு சொல்லிட்டியா?"

"இல்ல பெரியம்மா. தொண்டையில கரகரப்பு."

"நாலாவதுக்கு மட்டும் வர்ற கரகரப்பா?"

அவன் தாமரை இலைக்குப் பச்சை குழைப்பதில் மும்முரமானான். அவளும் சிரித்துவிட்டு விட்டுவிட்டாள்.

குளம் அழகாக வந்தது. ஊரார் வந்து வந்து பார்த்தார்கள். இலைகளை எல்லாம் லம்துவான்தான் தீட்டினாள், ஒன்றோடொன்று ஒட்டி, தண்ணீரே தெரியாதபடி. அவள் முதுகு ஒடிய உட்கார்ந்து தீட்டுவதைப் பார்த்தால் பிள்ளைகளை யார் கண்ணிலும் படாமல் மறைத்துவிட வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். ஒரு மத்தியானம், மண்டபத்தில் வேறு யாரும் இல்லாதபோது, தூரிகையை நிறுத்தாமலே சொன்னாள்.

"கம்மூன். தாவோன் சிரிச்சுக்கிட்டுப் போகல."

அவன் நிமிரவில்லை.

"வண்டி வந்த அன்னைக்கு ஆளையே காணோம். நெல்லுக் குதிருக்குப் பின்னால போய் ஒளிஞ்சுக்கிட்டான். பத்தொன்பது வயசுப் பய. எனக்குத் தெரியும், சின்னதிலேருந்தே அவன் அங்கதான் ஒளிவான். நாந்தான் வாசல்ல நின்னு கூப்பிட்டேன். தாவோன், வாப்பான்னு. வந்துட்டான். ஊர்ல எல்லார்கிட்டயும் வேற மாதிரி சொல்லிட்டேன். சீலம் எடுத்துட்டு மனசுல வச்சிருக்க முடியல, உங்கிட்டயாச்சும் சொல்றேன்."

"தெரியும் பெரியம்மா. படகுல சொல்லியிருக்கான்."

தூரிகை நின்றது. "என்ன சொன்னான்?"

"அம்மா சாப்பிடக் கூப்பிடுறாங்கன்னு நெனச்சு வந்தேன்னு சொன்னான்."

"கோவமாவா சொன்னான்?"

"இல்ல. சிரிச்சுக்கிட்டுத்தான்."

அவள் அன்றைக்கு அழுதாள். ஆனால் அது கெட்ட அழுகை இல்லை. மகன் சொன்ன ஒரு வார்த்தை பதினோரு வருடத்துக்குப் பிறகு காதில் விழுந்திருக்கிறது. தீவுக்கு எப்படியாவது செய்தி அனுப்ப வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வீடு போகிற வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அன்று கம்மூன் தூரிகையைத் தொடவில்லை.

படங்கள் முடிந்தன. மிச்சமிருந்தது எழுத்து வேலை. ஒவ்வொரு பகுதிக்கும் கீழே அந்த வீட்டார் பெயரை இரண்டு வரியில் எழுதுவது வழக்கம். மேல் வரி, புண்ணியத்தில் பங்கு கொள்கிறவர்கள், அதாவது உயிரோடு இருக்கிறவர்கள். கீழ் வரி, அந்தப் புண்ணியம் யாருக்குப் போய்ச் சேர வேண்டுமோ அந்தச் செத்தவர்கள். இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு வரி கிடையாது. எங்கோ இருக்கிறான், என்ன ஆனானோ தெரியாது என்று எழுத எங்கள் சீலையில் இடம் விட்டுவைக்கவில்லை.

வீட்டில் மறுபடி பேச்சு வந்தது. இந்த முறை புன்மா சண்டை போடவில்லை.

"நான் அவன் சாகணும்னு சொல்லல. பதினோரு வருஷம் ஆச்சு. போயிருந்தான்னா, அவன் பேரைச் சொல்ல நம்ம ரெண்டு பேரை விட்டா யாரு இருக்கா? இத்தனை வருஷம் பச்சைத் தண்ணிகூட இல்லாம நிக்கிறானோ என்னமோ."

"இருந்தான்னா? பேத்தியைத் தோள்ல தூக்கிக்கிட்டு அங்க எங்கயோ இருக்கிறவனை நாம சாமி முன்னால செத்தவன்னு எழுதிவச்சா? அந்தப் பாவத்தை யாரு சொமக்கிறது?"

"உனக்கு எப்படித் தெரியும் இருக்கான்னு?"

"கம்மூன் பார்த்திருக்கான்."

புன்மா எழுந்து வெளியே போனார்.

எழுத்துக்காரன் கம்மூன்தான். பன்னிரண்டு பகுதிகளுக்கும் மளமளவென்று எழுதினான். எட்டாவதை மட்டும் தள்ளிப்போட்டான். முதலில் வர்ணம் காயவில்லை என்றான், பிறகு தூரிகை முடி உதிர்கிறது என்றான். ஊர்வலத்துக்கு முந்தைய நாள் பிற்பகல் லம்துவான் வந்து சீலைக்கு முன்னால் காலை மடித்து உட்கார்ந்துகொண்டாள்.

"எழுதாம நான் எந்திரிக்க மாட்டேன். உன் சாக்கையெல்லாம் கேட்டாச்சு."

"சொல்லுங்க."

"மேல் வரி. புன்மா. லம்துவான்." எழுதினான். "மகன் தாவோன்."

கை அசையவில்லை.

"என்னடா, எழுத்து மறந்துபோச்சா?"

"அந்த வரியில எழுத முடியாது பெரியம்மா."

"எடம் பத்தலையா?"

"எடம் இருக்கு."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவசரமாக, குழந்தைக்குச் சொல்லிக் கொடுப்பது மாதிரி பேசினாள். "நீதானே சொன்னே. தீவுல எறங்கிட்டான்னு. இன்னும் ரெண்டு பேரோட. காட்டுக்குள்ள போனதைப் பார்த்தேன்னு நீதானே சொன்னே."

"சொன்னேன். பொய் சொன்னேன்."

வெளியே யாரோ ஊர்வலத்துக்கு மேளத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கம்மூன் தூரிகையைக் கீழே வைத்தான். இரண்டு கைகளையும் தரையில் ஊன்றிக்கொண்டான்.

"ஏறின நாலாம் மாசமே கால் ரெண்டும் வீங்கிருச்சு. மூச்சு வாங்குச்சு. கரைக்குக் கொண்டுபோங்கன்னு நாங்கல்லாம் கேட்டோம். கேக்கல. மூணு நாள் கெடந்தான். ஒரு நாள் காலையில போயிட்டான். தார்ப்பாயில சுத்திக் கடல்ல விட்டுட்டாங்க. பிக்கு இல்ல, ஒண்ணும் இல்ல. எனக்கு எதுவும் ஓதத் தெரியாது. அஞ்சு சீலம்தான் மனப்பாடம். அதைச் சொன்னேன்."

"ஏண்டா எங்கிட்டச் சொல்லல?"

"பஸ்ஸை விட்டு எறங்கும்போது சொல்லணும்னுதான் வந்தேன். நீங்க சோத்துக்கூடையோட நின்னீங்க. அடுத்த பஸ்ஸான்னு கேட்டீங்க. வாய் தன்னால அதைச் சொல்லிருச்சு. அப்புறம் மருமக, பேத்தின்னு நீங்க பேச ஆரம்பிச்சீங்க. எப்படிச் சொல்லுவேன்? குடிச்சா மறந்திரும். இந்த ஒரு மாசம் குடிக்கல."

லம்துவான் கத்தவில்லை. அவனை அடிக்கவும் இல்லை. தாமரைக் குளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அஞ்சுல நாலைக் காப்பாத்திட்டே. அந்த நாலாவதை மட்டும் காக்காம விட்டிருக்கக் கூடாதாடா?"

அவன் விசும்பத் தொடங்கினான். அவள் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. மகன் செத்துப்போனான் என்பது அவளுக்குள் இன்னும் முழுதாக இறங்கவில்லை. வேறொன்று முந்திக்கொண்டு வந்துவிட்டது. வருடா வருடம் அந்த விகாரை மதிலோரத்துக்கு அவனும் வந்திருக்கிறான். அம்மா கையால் கட்டிய பொட்டலத்தைத் தாத்தா தின்பார், அப்பத்தா தின்பாள், முகம்கூடத் தெரியாத அண்ணன்மார் இரண்டு பேரும் தின்பார்கள். அவன் பெயரை மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள். ஒரு முறை அவன் அப்பா வைத்தார், அதையும் அம்மா வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அழுகைச் சத்தம் கேட்டுப் பெரிய பிக்கு வந்தார். கம்மூன் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னான். அவர் லம்துவானுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"சாமி, இப்ப எழுதினா அவனுக்குப் போய்ச் சேருமா?"

"சேரும்மா. இன்னைலேருந்து நீ செய்யுறதெல்லாம் சேரும்."

"இத்தனை வருஷம்? அப்பல்லாம் அவன் பசியோடயா இருந்தான்?"

பிக்கு நல்ல மனிதர். சாவு வீட்டில் ஆறுதல் சொல்வதில் கைதேர்ந்தவர். ஆனால் அவரும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்தான்.

"மத்த நாளா இருந்தா, இல்லம்மா, கவலைப்படாதேன்னு சொல்லியிருப்பேன். எனக்குத் தெரியலம்மா."

லம்துவான் தலையாட்டினாள். "எழுது" என்று கம்மூனிடம் சொன்னாள். அவன் கீழ் வரியில் எழுதினான். தாவோன் என்பதன் கடைசி எழுத்து கொஞ்சம் கோணிக்கொண்டது. திருத்தவா என்று கேட்டான். வேண்டாம் என்றாள்.

புன்மாவிடம் அன்று மாலை அவளே சொன்னாள். நான் அப்பவே சொன்னேனே என்று அவர் சொல்லிக்காட்டுவார் என எதிர்பார்த்து நின்றாள். சொல்லியிருந்தால் திருப்பிச் சண்டையாவது போட்டிருக்கலாம். அவர் மாட்டுக் கொட்டிலுக்குப் போய், இருட்டும்வரை வெளியே வரவில்லை.

மறுநாள் ஊர்வலம் ஜோராக நடந்தது. மேளமும் ஆட்டமும் புழுதியுமாக ஊரே திரண்டு, சீலையை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு வயல் நடுவே வந்தது. எட்டாம் பகுதியை லம்துவானும் புன்மாவும் பிடித்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் எட்டிப் பார்த்து, இந்தக் குளம்தான் எல்லாவற்றிலும் அழகு, யார் வரைந்தது என்று கேட்டார்கள். நாரி பெருமையாக அவளைக் கைகாட்டினாள். சீலை மண்டபத்துக்குள் நுழைந்த உடனே கம்மூன் காணாமல் போனான். பொழுது சாய்வதற்குள் நாரி கடைக்குப் பின்னால் குடித்துவிட்டு நினைவில்லாமல் கிடந்தான்.

அதற்கடுத்த நாள் ஓதல். பதின்மூன்று பகுதியும் ஒரே நாளில் கேட்டு முடிப்பவர்களுக்குப் பெரும் புண்ணியம். லம்துவான் எழுந்து போகாமல் கேட்டாள். எட்டாவது ஓதும்போது பெண்கள் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், வழக்கமாக அழுகிற இடம்தான். கதையில் ராஜகுமாரனின் பிள்ளைகள் பதின்மூன்றாவது பகுதியில் வீடு வந்து சேர்ந்தார்கள். எல்லோரும் கைகூப்பி, நல்லதாயிற்று என்ற அர்த்தத்தில் சாது, சாது, சாது என்றார்கள்.

கடைசியில் புண்ணியத்தைச் செத்தவர்களுக்கு அனுப்பும் நேரம் வந்தது. வீட்டுக்கு ஒரு சிறிய பித்தளைக் கெண்டியும் கிண்ணமும். பிக்குகள் ஓத ஓத, பெயர்களை மனதில் சொல்லிக்கொண்டு கெண்டித் தண்ணீரைக் கிண்ணத்தில் மெல்ல விட வேண்டும். "கொஞ்சம் தள்ளி உக்காரு தாவோனம்மா" என்று சொல்லி நாரி பக்கத்தில் இடம் பிடித்தாள். லம்துவான் தள்ளி உட்கார்ந்தாள். கெண்டியைச் சாய்த்தாள். அப்பா பெயரைச் சொல்லவில்லை, மாமியார் பெயரைச் சொல்லவில்லை. ஒரே பெயரைத்தான் சொன்னாள், உதடு அசைவது தெரிந்தது.

ஓதுவது முடிந்தது. மற்றவர்கள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மரத்தடியில் ஊற்ற எழுந்தார்கள். லம்துவான் குடத்திலிருந்து கெண்டியை மறுபடி நிரப்பிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கிண்ணம் வழிந்து பாயெல்லாம் நனைந்தது. மூன்றாவது முறை நிரப்பப் போனபோது புன்மா அவள் கையைப் பிடித்தார்.

"போதும். போய்ச் சேர்ந்திருக்கும்."

"சேர்ந்திருக்கும். இது இன்னைக்குச் சோறு." அவள் கையை விடுவித்துக்கொண்டாள். "பதினோரு வருஷச் சோத்துக்கு நான் எங்க போவேன் தாவோனப்பா?"

புன்மா அவளிடமிருந்து கெண்டியை வாங்கிக்கொண்டு, தானே போய் நிரப்பிக்கொண்டு வந்தார்.